அக்காவின் இழுவை வண்டியை ஒட்டினவர்

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். ஆனா அந்தக் கோபத்துக்கு வழியே இல்லாத வேலை என்னோடது. வாஷிங் மெஷின் கம்பெனியில புகார் வாங்கற போன்ல உட்கார்ந்திருக்கேன். "உங்க மெஷின் என் துணியைத் தின்னுடுச்சு"ன்னு காலையிலேர்ந்து ஆள் மாத்தி ஆள் என்னைத் திட்டுவாங்க. நான் "மன்னிக்கணும் சார், மன்னிக்கணும் மேடம்"னு குழைஞ்சுக்கிட்டே இருப்பேன். என் சொந்தக் கோபமெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். என் அக்காவுக்கு நடந்ததை நினைச்சா இன்னிக்கும் வயிறு எரியுது, அதான் சொல்றேன்.

அக்கா, அத்தான், நான் மூணு பேரும் ஒரே வீட்டுல இருக்கோம். அக்கா பல் செட்டு செய்யறவ. டாக்டர் இல்ல. டாக்டர் எடுத்து அனுப்பற அச்சை வச்சுக்கிட்டு, லேப்ல உட்கார்ந்து, மெழுகுல ஒவ்வொரு பல்லா நட்டு, அப்புறம் பிளாஸ்டிக்ல வார்த்து, தேய்ச்சு, மெருகு போட்டு அனுப்பறவ. அது யார் வாய்க்குள்ள போகுதுன்னு அவளுக்குத் தெரியாது. "பஸ்ல யாராவது வயசானவங்க சிரிச்சா, இது என் கை வேலையா இருக்குமோன்னு பாப்பேன்டி"ம்பா. சாயங்காலம் வந்ததும் முகம் கழுவிட்டு, கட்டில் மேல பழைய பெட்ஷீட்டை விரிச்சு, பிளாஸ்டிக் கட்டைகளோட உட்கார்ந்துடுவா. குழந்தைங்க ஒண்ணு மேல ஒண்ணு சொருகி வீடு கட்டுமே, அதே கட்டைங்கதான். அக்கா வீடு கட்ட மாட்டா. வண்டி கட்டுவா. மோட்டார் வச்சு, பேட்டரி வச்சு, ரிமோட்ல ஓடற வண்டி. "பகல்ல மனுஷப் பல்லு, சாயங்காலம் சக்கரப் பல்லு. பல்லை விட்டா உனக்கு வேற கதியே இல்லையா?"ன்னு நான் கேப்பேன். "மனுஷப் பல்லு கடிக்கும், இது கடிக்காது"ம்பா.

ஒரு பொம்மைக் கடையை மூடறப்போ, பெட்டி கிழிஞ்சு, எப்படிக் கட்டணும்னு காட்டற படம் தொலைஞ்சு, கலந்து கிடந்த கட்டைகளை மூட்டையா வாங்கிட்டு வந்தா. அதுலதான் ஆரம்பம். கூடவே கொஞ்சம் மோட்டாரும் இருந்துது. அந்த மாதிரி மோட்டார் இப்ப எந்தக் கடையிலயும் வர்றதில்ல. வேற மாதிரி வருது, அது இந்தக் கட்டைக்குப் பொருந்தாது. முதல் வண்டி, பட்டனை முன்னால தள்ளினா பின்னால போச்சு. நானும் அத்தானும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அக்கா எங்களை ஏறெடுத்தும் பாக்கல. வண்டியைத் திருப்பிப் போட்டு, நடுவுல ஒரு கியர் கூடுதலா நிக்கறதைக் கண்டுபிடிச்சு எடுத்தா. அன்னிக்குப் பிடிச்ச பைத்தியம்.

உறவுக்காரங்க வாயை மூட முடியுமா? எங்க சித்தி வந்தப்போ, கட்டில்ல இருக்கறதைப் பாத்துட்டு, "குழந்தை இல்லாத குறையை இப்படித் தீத்துக்கறா, பாவம்"னாங்க. அதுவும் அக்கா காதுபட. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அக்கா, "குழந்தை இல்லாத குறை இல்ல சித்தி, சொந்தமா ஒரு லாரி இல்லாத குறை"ன்னுட்டு வேலையைப் பாத்தா. அக்கா குணம் அது. நான் கத்துவேன், அவ ஒரே வரியில முடிச்சுடுவா.

இப்ப கவனமாக் கேளுங்க, ஏன்னா இந்த ஒரு விஷயம் புரியாமத்தான் அந்த மனுஷன் எல்லாத்தையும் நாசம் பண்ணினார். அக்காகிட்ட இருக்கறது ஒரே ஒரு குவியல் கட்டை. ஒரு வண்டியைப் பிரிச்சாத்தான் அடுத்த வண்டி. மண் அள்ளற வண்டி செஞ்சா, பிரிச்சா. அந்தக் கட்டையிலயே ரோடு ரோலர் வந்துது, அதையும் பிரிச்சா. வண்டி முடிஞ்சதும் வராண்டாவுல ஓட்டிப் பாப்பா. அது எங்க வீட்டு இஸ்திரிப் பெட்டியைக் கயிறு கட்டி இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு இழுத்துட்டா, வண்டி பாஸ். கொஞ்ச நாள் அலமாரி மேல நிக்கும். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை பெட்ஷீட்டை விரிச்சு, கடைசி பின் வரைக்கும் பிரிச்சு, பக்கெட்டுல சோப்புத் தண்ணி போட்டு கழுவி, துண்டுல பரப்பிக் காயவைப்பா. பல் செட்டு போட்டு அனுப்பற சின்னச் சின்ன டப்பாவுல ரகம் ரகமாப் பிரிச்சு வைப்பா. "இவ்ளோ பாடுபட்டதை ஏன்டி உடைக்கறே?"ன்னு கேட்டா, "உடைக்கலடி, அவுக்கறேன். கட்டினது மாட்டிக்கக் கூடாது, அவுந்து வரணும். அவுந்து வந்தாத்தான் நான் நல்லாக் கட்டியிருக்கேன்னு அர்த்தம்"பா. பிரிக்கறப்போ அவ முகத்துல இருக்கற சந்தோஷம், கட்டறப்போ கூட இருக்காது.

அப்படிச் செஞ்சதுலயே பெரிசு அந்த இழுவை வண்டி. ரோட்டுல நின்னு போன லாரியை இழுத்துக்கிட்டுப் போகுமே, அது. முன்னால ரெண்டு வரிசைச் சக்கரமும் சேர்ந்து திரும்பும். பின்னால ஒரு கை மேல எழும்பும், கயிறு சுத்தும், இறங்கும். எல்லா மோட்டாரும் அதுக்குள்ளதான். ஏறக்குறைய எல்லாக் கட்டையும் அதுலதான். டப்பாவுல உதிரியாக் கொஞ்சம் மிச்சம், அவ்வளவுதான். அதை வராண்டாவுல விட்டா, இஸ்திரிப் பெட்டி என்ன, அதுக்கு மேல என் கைப்பையையும் வச்சோம், உறுமிக்கிட்டே இழுத்துது. அக்கா அன்னிக்கே அடுத்ததையும் சொல்லிட்டா. மாடிக்கு ஏணி நீட்டற தீயணைப்பு வண்டி. ஏணி எப்படி ஒண்ணுக்குள்ள ஒண்ணு நீளணும்னு சாப்பிடறப்போ கூட கரண்டியையும் ஸ்பூனையும் வச்சு அத்தானுக்கு விளக்கிக்கிட்டிருந்தா.

அந்த அத்தான்தான் முதல் குற்றவாளி. தங்கமான மனுஷன். மருந்துக் கடையில வேலை. யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிடுவார், அதான் அவர் வியாதி, அதுக்கு மட்டும் அவர் கடையில மருந்து கிடையாது. எங்க குடியிருப்புல கீழ நுழைவாசல் ஹாலைப் புதுப்பிச்சாங்க. சுவருக்குப் பெயின்ட், தரைக்குப் புதுக் கல்லு, ஓரமா ஒரு கண்ணாடி அலமாரி. அலமாரியில வைக்க ஒண்ணும் இல்ல. சங்கச் செயலாளர் அத்தானைப் பிடிச்சு, "உங்க வீட்டுல ஒரு அருமையான வண்டி இருக்காமே, திறப்பு விழாவுக்கு வைக்கலாமா?"ன்னார். இவர் தலையாட்டிட்டு வந்துட்டார். அக்கா கொஞ்சம் யோசிச்சா. அப்புறம் செயலாளரையே பாத்து, "விழா முடிஞ்சதும் எனக்கு வேணும் சார், அடுத்த வண்டிக்குக் கட்டை அதுலதான் இருக்கு"ன்னு தெளிவாச் சொல்லித்தான் கொடுத்தா. நான் பக்கத்துலயே நின்னேன். "உங்க பொருள்மா, உங்களுக்கு இல்லாததா?"ன்னார் அவர்.

செயலாளரைப் பத்திச் சொல்லணும். மரச்சாமான் கடை வச்சிருந்து மகன்கிட்ட விட்டுட்டவர். கெட்டவர் இல்ல, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வாழ்க்கை பூரா நாற்காலிக் கால் ஆடுதுன்னு கொண்டுவந்தவங்களுக்கு ஒட்டிக் கொடுத்தே பழகினவர். அவரைப் பொறுத்தவரைக்கும், ஒரு பொருள் கழண்டு வந்தா அது சரியாச் செய்யாத பொருள். இழுவை வண்டியை அலமாரியில வைக்கறப்போ ஒரு பக்கக் கதவு அவர் கையோட வந்துடுச்சாம். "அய்யய்யோ, பாவம், இந்தப் பொண்ணுக்கு ஒட்டத் தெரியல போல"ன்னு நினைச்சிருக்கார். நல்ல மனசு பாருங்க! ஒரு போன் பண்ணிக் கேக்கறதுக்கு மட்டும் அந்த நல்ல மனசுல இடம் இல்ல.

திறப்பு விழா அன்னிக்கு ஹால் நிறைய ஆளுங்க. அக்கா நல்ல புடவை கட்டிக்கிட்டு, ரிமோட்டைக் கையில வச்சுக்கிட்டு நின்னா. ஒரு குழந்தையோட மூணு சக்கர சைக்கிளைக் கயிறு கட்டி வண்டி இழுக்கும், எல்லாரும் பாப்பாங்க, அதான் ஏற்பாடு. அலமாரிக்குக் கீழ பித்தளைத் தகடு ஒண்ணு பளபளன்னு இருந்துது. "நம் குடியிருப்பின் பெருமை"ன்னு மேல. கீழ "வடிவமைத்து நிறுவியவர்"னு போட்டு, செயலாளர் பேர். அக்கா பேர் எங்கயும் இல்ல. நான் அதைப் பாத்து மூச்சு வாங்கறதுக்குள்ள, செயலாளர் வண்டியை எடுத்துத் தரையில வச்சு, "ஓட்டுங்கம்மா"ன்னார்.

அக்கா பட்டனைத் தள்ளினா. ம்ம்ம்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். சக்கரம் அசையல. அக்கா உடனே விட்டுட்டா. மோட்டார் முக்கறது அவளுக்குத் தெரியும், தொடர்ந்து அமுக்கினா சூடாகிப் போயிடும். பேட்டரி தீந்துடுச்சு போலன்னு யாரோ சொன்னாங்க. அக்கா குனிஞ்சா. நான் அவ முகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். அவ வண்டியைத் தொடறதுக்கு முன்னாலயே முகம் மாறிடுச்சு. மோந்து பாத்திருக்கா. லேப்ல பிளாஸ்டிக்கை இளக்கற திரவம் ஒண்ணு உண்டு, அதோட நெடி தினம் அவ மூக்குல ஏறறது. அதே மாதிரி நெடி. ரெண்டு கட்டை சேர்ற இடத்துல நகத்தை வச்சுப் பாத்தா. நகம் நுழையல.

"என்ன சார் பண்ணினீங்க?"ன்னு மெதுவாக் கேட்டா.

செயலாளருக்கு முகம் பூரிச்சுப் போச்சு. கேக்க மாட்டாங்களான்னு காத்துக்கிட்டிருந்த மாதிரி, கூட்டத்தைப் பாத்துத் திரும்பி, சத்தமா, "ஒவ்வொரு இணைப்பையும் நானே என் கையால ஒட்டினேன். பிளாஸ்டிக்கைக் கரைச்சு ஒண்ணாக்கற பசை. சின்னத் துண்டு கூட இனிமே கழண்டு வராது. நம்ம பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் இப்படியே இருக்கும்!"னார்.

எல்லாரும் கை தட்டினாங்க. கை தட்டினாங்கங்க! அக்காவோட மண் அள்ளற வண்டி, ரோடு ரோலர், இன்னும் பொறக்காத ஏணி வண்டி, எல்லாத்துக்கும் சேர்த்து சமாதி கட்டிட்டு நிக்கறார், இவங்க தட்டறாங்க. அத்தானும் பழக்க தோஷத்துல ரெண்டு தட்டு தட்டிட்டு, என் முகத்தைப் பாத்துக் கையை இறக்கிக்கிட்டார்.

நான் கத்தினேன். எனக்கு வேற என்ன தெரியும்? "யாரைக் கேட்டு ஒட்டினீங்க? உங்க கடை நாற்காலியா அது? அவளோட அத்தனை கட்டையும் அதுலதான் இருக்கு, தெரியுமா?"ன்னு கத்தினேன். ஒரு அம்மா, "விளையாட்டுச் சாமானுக்குப் போய் இவ்ளோவா"ன்னாங்க. இன்னொருத்தர், "பெரியவர் நல்லதுதானே செஞ்சிருக்கார்"ன்னார். செயலாளர் முகம் தொங்கிப் போச்சு. "நல்லதுக்குக் காலமில்ல"ன்னுட்டு, வண்டியைத் தூக்கி அலமாரியில வச்சு, பூட்டி, சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். அக்கா லிஃப்டுல மேல வர்ற வரைக்கும் ரிமோட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு வந்தா. வீட்டுக்குள்ள வந்ததும் குளியலறைக்குள்ள போய்த் தாழ் போட்டுக்கிட்டா. தண்ணி விழற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுது. அழுதான்னு எனக்குத் தெரியும். அவ அழுது நான் பாத்ததே இல்ல.

மறுநாள் அக்கா போய்க் கேட்டா, வண்டி வேணும்னு. "அதை வச்சு இனி என்னம்மா பண்ணப் போறீங்க? அங்கேயே இருக்கட்டுமே, அழகா இருக்கு"ன்னார் செயலாளர். திரும்பப் போனா. சங்கக் கூட்டத்துல வச்சுப் பேசணும்னார். கூட்டத்துல என்ன முடிவு பண்ணினாங்கன்னு கேளுங்க. பொது இடத்துல வச்சுத் தகடும் போட்டாச்சு, அதனால அது இனிமே குடியிருப்போட பொதுச் சொத்தாம்! "நீங்கதானே சம்மதிச்சுக் கொடுத்தீங்க"ன்னு அத்தானைப் பாத்தாங்க. அவர் முதல் தடவையா தலையை இப்படியும் ஆட்டல, அப்படியும் ஆட்டல. நான் விடல. நான் போன்ல எத்தனை பேர்கிட்ட ஏச்சு வாங்கியிருக்கேன், ஏசறது எப்படின்னு எனக்குத் தெரியாதா? ஒருத்தரையும் விட்டு வைக்கல. "கையால செஞ்சவ கேக்கறா, பசை தடவினவர் தரமாட்டேங்கறார், இது எந்த ஊர் நியாயம்?"னு கேட்டேன். எல்லாரும் உடனே மின்விசிறி சத்தமா ஓடுதுன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க.

வீட்டுக்கு வந்து நான் குதிச்சேன். "கண்ணாடியை உடைச்சுடறேன் பாரு"ன்னேன். அக்கா, "கண்ணாடி என்னடி பண்ணுச்சு"ன்னா. அப்புறம் அவளே, "ஒட்டினது கட்டையோட வெளிப்பக்கத்தைத்தான்டி. மோட்டார் உள்ள இருக்கு. பாதியாவது பொழைக்கும்"னா. லேப் முதலாளிகிட்ட கேட்டு, பல் செட்டுல அதிகமா இருக்கறதை அறுத்துத் தள்ளற சின்ன மோட்டாரை வாங்கிட்டு வந்தா. பேனா மாதிரி கையில பிடிக்கறது, நுனியில காசு அளவுக்கு ஒரு ரம்பத் தட்டு.

செயலாளர் ஞாயித்துக்கிழமை காலையில அலமாரியைத் திறந்து வண்டிக்குத் தூசி தட்டுவார். ஊரே அந்த வழியாத்தான் பால் வாங்கப் போகும், வரும். அன்னிக்கு அக்கா கீழ போனா, நான் பின்னாலயே போனேன். அத்தான் கூப்பிடாமலே வயரைத் தூக்கிக்கிட்டு வந்தார். ஹால் நடுவுல இருந்த மேசையில அக்கா பெட்ஷீட்டை விரிச்சா. "கொடுங்க சார்"னு கையை நீட்டினா. தூசி தட்டத்தான் கேக்கறான்னு நினைச்சு அந்த மனுஷன் வண்டியை எடுத்து அவ கையில வச்சுட்டார்.

அத்தான் வயரைச் சொருகினார். தட்டு சுத்துச்சு. அக்கா வண்டியோட முதுகுல அதை வச்சு இறக்கினா.

அய்யோ, அந்தச் சத்தம்! ஹால் முழுக்கப் பிளாஸ்டிக் கருகற நெடி. போனவங்க வந்தவங்க எல்லாம் நின்னுட்டாங்க. "என்னம்மா பண்றே, என்னம்மா பண்றே"ன்னு செயலாளர் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கறார், கிட்ட வரப் பயம். அன்னிக்கு "விளையாட்டுச் சாமான்"னு சொன்ன அதே அம்மா, "எவ்ளோ அழகான பொருள், மனசே இல்லாம அறுக்கறாளே, கல் நெஞ்சு"ன்னு வாயில கையை வச்சுக்கிட்டாங்க. ஒட்டினப்போ ஒருத்தரும் அழல, அறுக்கறப்போ அழறாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துல நாக்கே ஒட்டிக்கிச்சு, ஒரு வார்த்தை வரல. என் வாழ்க்கையில அப்படி ஆனது அன்னிக்குத்தான்.

அக்கா யாரையும் பாக்கல. பல் செட்டை அறுக்கற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா, உள்ள இருக்கறதுல படாம அறுத்தா. வண்டி நடுவுல வாய் பிளந்துது. கயிறு சுத்தற மோட்டார் வந்துது. உள்ள பசை வழிஞ்சு அதோட தண்டு இறுகிப் போயிருந்துது, திருப்பிப் பாத்துட்டு ஓரமா வச்சுட்டா. அடுத்த மோட்டாரை எடுத்து விரலால சுத்தினா. சுத்துச்சு. கையைத் தூக்கற மோட்டாரும் சுத்துச்சு. அத்தான் மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுது. சக்கரம் எல்லாம் பொழைச்சுது, ரப்பர்ல அந்தப் பசை பிடிக்கலயாம். கட்டைங்கதான் பாவம். பாதிக்கு மேல ஒண்ணோட ஒண்ணு கரைஞ்சு, எது எங்க முடியுதுன்னே தெரியல. பிரிஞ்சு வந்ததை ஒரு பக்கமா ஒதுக்கினா. கூட்டிக் கழிச்சுப் பாத்தா ஒரு சின்ன வண்டிக்குத் தேறும். ஏணி வண்டிக்குத் தேறாது. அது அவ முகத்துலயே தெரிஞ்சுது.

கடைசியா கையில நின்னது கியர் பெட்டி இருந்த இடம். உள்ளங்கை அளவுக்கு ஒரு கட்டி. கியர், ஆக்சில், கட்டை எல்லாம் ஒண்ணாக் கரைஞ்சு, அறுத்தாலும் ஒண்ணும் மிஞ்சாத கட்டி. அக்கா அறுக்கற மோட்டாரை நிறுத்தினா.

செயலாளருக்குக் கண் கலங்கிப் போயிருந்துது. "நான் எத்தனை நாள் உட்கார்ந்து, பாத்துப் பாத்துச் செஞ்சேன்மா. என் உழைப்பு இல்லையா அது? நீங்க செஞ்சதைத்தானே நான் காப்பாத்தினேன்"னார். அவர் உண்மையாத்தான் சொல்றார், அதுதான் கொடுமை.

அக்கா எழுந்து அலமாரிக்குப் போனா. அந்தக் கட்டியை உள்ள வச்சா. தகட்டுக்கு நேரா வர்ற மாதிரி கொஞ்சம் நகர்த்தினா. கண்ணாடிக் கதவைச் சாத்தி, பூட்டுலயே தொங்கின சாவியைத் திருப்பிப் பூட்டி, அதை அவர் கையில கொடுத்தா.

"நான் செஞ்சது எல்லாம் அவுந்து வந்துடும் சார்"னா. "இது அவுந்து வரல. அப்போ இது நீங்க செஞ்சதுதான். உங்க பேருக்குக் கீழயே இருக்கட்டும்."

அக்கா பெட்ஷீட்டோட நாலு மூலையையும் சேர்த்துப் பிடிச்சா. "ஒரு பக்கம் பிடிடி"ன்னா, "கழுவிக் காயப்போடணும்."